பார்த்தவுடன் ஒன்றும் தோன்றாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, பெண் பார்க்கும் வழக்கம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் பேசியிருந்த இளைஞர்களும் இளம்பெண்களும் தங்களுக்கு வந்த வரன்களை மறுத்ததற்குப் பல காரணங்களைச் சொல்லியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: “பார்த்தவுடன் ஒன்றும் தோன்றவில்லை.” மற்றக் காரணங்களைப் பற்றி நான் சொல்வதற்கு ஏதுமில்லை, வரதட்சணை கேட்ட வீட்டை அன்றைக்கே மறுத்த பெண்ணைப் பாராட்டவே தோன்றுகிறது. ஆனால் ஒன்றும் தோன்றவில்லை என்பது ஒருவரை வேண்டாம் என்று சொல்லப் போதுமான காரணமா என்று கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 39 ஆண்டுகளாக என்னுடன் வாழ்ந்துவரும் பெண்ணை முதன்முதலில் பார்த்த நாளில் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மறுநாளும் தோன்றவில்லை. ஏறத்தாழப் பத்து மாதங்கள் தோன்றவில்லை.

நான் கோத்தகிரி வட்டத்தில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடை போட்டு வாங்கி, அன்றிரவே வாட்டி, அரைத்து, உலர்த்தித் தூளாக்கும் தொழிற்சாலை அது. வாசலை ஒட்டித் தகரக் கூரை போட்ட எடைக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே எழுதப்படும் எடைச் சீட்டுகள் மாலை ஐந்து மணிக்கு என் மேசைக்கு வரும். அவற்றைப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. 1984-ஆம் ஆண்டு அந்தக் கொட்டகைக்கு எடை போட ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தார். சராசரி உயரம், மாநிறம், எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடை, முழங்கையில் நூல் பிரிந்த பழுப்பு ஸ்வெட்டர். குளிர் காலத்தில் கோத்தகிரிப் பேருந்து நிலையத்தில் நின்றால் அப்படி இருபது பேரைப் பார்க்கலாம். அவரைத் தெருவில் கண்டிருந்தால் இன்னார் என்று பிரித்துச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நான் முதலில் அறிந்துகொண்டது அவருடைய முகத்தை அன்று, எழுத்தைத்தான். 1-உம் 7-உம் குழம்பிவிடாமல் இருக்க 7-க்குக் குறுக்கே ஒரு சிறு கோடு இழுத்திருப்பார். கணக்கர்களுக்கு மட்டுமே இதன் அருமை புரியும். மழை நாளில் நனைந்த சீட்டில் 17 கிலோவா 11 கிலோவா என்று தெரியாமல் ஒரு விவசாயியின் ஆறு கிலோவை விழுங்கிவிடுகிற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அந்தக் கோடு வந்த பிறகு அந்தப் பயம் போயிற்று. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

கோத்தகிரிப் பக்கம் பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றில்தான். அந்த நாள்களில் கொழுந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். ஈரத்துக்கு எடையில் கழிப்பது வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பது எடை போடுபவரின் கண் மதிப்பு. முன்பு அந்த வேலையில் இருந்தவர் சாக்குக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் கழித்துவிடுவார். வரிசையும் விரைவாக நகரும். இவர் ஒவ்வொரு சாக்கையும் மரச்சட்டத்தின் மேல் சாய்த்து நீர் வடிய விட்டு, ஒரு பிடி இலையை அள்ளிப் பிழிந்து பார்த்துவிட்டுத்தான் தராசில் ஏற்றுவார். வரிசை லாரிச் சாலை வரை நீளும். தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீ மேக்கர் உள்ளேயிருந்து சத்தம் போடுவார். “தண்ணிக்குக் காசு கொடுக்க வேண்டாம் சார், இலைக்குக் குறைக்கவும் வேண்டாம்” என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வரும். எடையை இரண்டு முறை உரக்கச் சொல்வார்: ஒரு முறை தமக்காகச் சொல்லிச் சீட்டில் எழுதிக்கொண்டு, மறுமுறை கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து. வெள்ளைத் துணி உடுத்தித் தலையில் துணி கட்டி வரும் படுகப் பாட்டிமார் சிலருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்காகப் படுகு மொழியில் எண்களைச் சொல்லவும் கற்றுக்கொண்டிருந்தார். இவற்றையெல்லாம் நான் கண்ணாடி ஜன்னல் வழியே தினமும் பார்த்தேன். பார்க்கிறேன் என்று தெரியாமலே பார்த்தேன்.

பத்தாவது மாதத்தில் அவர் நான்கு நாள் விடுப்பில் கூடலூர் சென்றார். வேறொருவர் எடை போட்டார். சீட்டுகள் வந்தன, கணக்கு நேரானது, பிழை ஒன்றுமில்லை. ஆயினும் அந்த நான்கு நாள்களும் நான் ஒரு காரணமும் இல்லாமல் எழுந்து எழுந்து கொட்டகை வரை போய்வந்தேன். ஐந்தாம் நாள் காலை அவர் கழுத்தில் மப்ளருடன் என் மேசை முன் நின்று, “நேத்து மொத்தம் எவ்வளவு சார்?” என்று கேட்டபோது, எந்த நாளின் மொத்தத்தையும் ஏட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடிய எனக்கு எண் மறந்துபோயிற்று. அன்றுமுதல் அவர் அழகாகத் தெரிந்தார் என்று எழுதினால் அது சரியாக இராது. எப்போதோ தெரியத் தொடங்கியிருக்கிறது. அன்றைக்குத்தான் அது எனக்கே தெரியவந்தது. முகமும் பழைய முகமே, ஸ்வெட்டரும் பழைய ஸ்வெட்டரே. இலையைப் பிழியும்போது இடப்புருவம் மட்டும் சற்றே ஏறுவதை அதற்கு முன் பார்த்த நினைவே எனக்கு இல்லை. அதற்குப் பிறகு அது ஒன்றைத் தவிர வேறெதையும் பார்த்த நினைவு இல்லை.

இதற்கு முந்தைய ஆண்டில், சமவெளியில் இருந்த என் பெற்றோர் எனக்காக மூன்று வீடுகளில் பெண் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேசரி, பஜ்ஜி, காப்பி, அரை மணி நேரம். அந்த மூன்று பெண்களில் ஒருவரின் முகமும் இன்று நினைவில் இல்லை. ஒரு வீட்டின் பித்தளை டம்ளர் மட்டும் நினைவில் இருக்கிறது. அவர்களுள் ஒருவரை நானும் இதே சொல்லைச் சொல்லித்தான் மறுத்தேன். பட்டுப்புடவையில், தலை குனிந்து, பத்துப் பேர் நடுவில் உட்கார வைக்கப்பட்ட ஒரு மனிதரிடம் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவரும் தம் வீட்டில், தம் வேலையில், ஏதோ ஒரு 7-க்குக் குறுக்கே கோடு இழுப்பவராக இருந்திருப்பார்.

இந்த அனுபவம் என் ஒருவனுடைய கிறுக்குத்தனம் அல்ல என்பதை ஓய்வு பெற்ற பிறகு, வாசிக்க நேரம் கிடைத்தபோதுதான் அறிந்தேன். அமெரிக்காவில் பணியாற்றிய ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களையும் சீன எழுத்துகளையும் முன்பின் அறியாதவர்களின் புகைப்படங்களையும் சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றை 25 முறை வரையும் காட்டியபோது, அதிகம் கண்டவையே அதிகம் பிடித்தவையாக இருந்தன. 1992-இல் மோர்லேண்ட், பீச் என்ற இருவர் இதை ஒரு வகுப்பறைக்கே கொண்டுபோனார்கள். தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லாத நான்கு பெண்களில் ஒருவர் அந்த வகுப்புக்கு ஒருமுறைகூட வரவில்லை. மற்ற மூவர் முறையே 5, 10, 15 முறை வந்தார்கள். வந்தவர்கள் யாருடனும் பேசவில்லை, வெறுமனே உட்கார்ந்து எழுந்து போனார்கள். பருவ முடிவில் நால்வரின் படங்களையும் மாணவர்களிடம் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரே அதிகக் கவர்ச்சியுடையவராகத் தெரிந்தார்.

என்னை மிகவும் நிறுத்திப் படிக்க வைத்தது இவற்றுக்குப் பின் வந்த ஓர் ஆய்வு. ஈஸ்ட்விக், ஹன்ட் என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட அதில், ஒரே வகுப்பில் சேர்ந்த மாணவர்களிடம் யார் யார் கவர்ச்சியானவர் என்று பருவத் தொடக்கத்தில் கேட்டார்கள். அப்போது பலருடைய கருத்தும் பெருமளவு ஒத்துப்போயிற்று. சிலரையே பலரும் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது அந்த ஒற்றுமை குறைந்து, ஆளுக்கொருவராகக் கருத்து பிரிந்துவிட்டிருந்தது. மறு ஆண்டு அவர்கள் ஃபிங்கல் என்பவருடன் சேர்ந்து 167 இணைகளை ஆராய்ந்தார்கள். சந்தித்த சிறிது காலத்திலேயே காதலிக்கத் தொடங்கியவர்கள், மற்றவர் கண்ணுக்குத் தோற்றத்தில் ஏறக்குறையச் சமமானவர்களாகவே இருந்தார்கள். பல மாதங்கள் பழகிய பின் காதலித்தவர்களிடம் அந்தச் சமம் அவ்வளவாகக் காணப்படவில்லை.

நான் இக்கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். முதல் அரை மணி நேரத்தில் நாம் பார்ப்பது ஊர்க் கண்ணால். யாருக்கு நிறம் இருக்கிறது, யாருக்கு உயரம் இருக்கிறது, யாருடைய மூக்கு எடுப்பாக இருக்கிறது என்பதில் ஊருக்கு ஒரே கருத்துத்தான். சினிமாவும் நகைக்கடை விளம்பரமும் சேர்ந்து நம் எல்லாருக்கும் பொதுவாகப் பழக்கிவைத்த கருத்து அது. நமக்கென்று ஒரு கண் திறக்க நாளாகிறது. “ஒன்றும் தோன்றவில்லை” என்று சொல்லும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. ஊர்க் கண்ணுக்குத் தோன்றாததைத்தான் அவர்கள் தமக்குத் தோன்றாததாக எடுத்துக்கொள்கிறார்கள். கைப்பேசியில் வரன்களின் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் இன்றைய முறையில் இந்த அரை மணி நேரமும் அரை நொடியாகிவிட்டது. நான் தேயிலைக்காரன் என்பதால் இங்கே தேநீரை உவமை சொல்வேன் என்று சிலர் எதிர்பார்க்கக்கூடும். சொல்ல முடியாது. குன்னூர் ஏலத்துக்கு வரும் தூளை ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டே தரம் பிரித்துவிடுகிறார்கள். மனிதரிடம் அந்த வித்தை செல்லாது.

கண்டவுடன் காதல் என்பது நம் மரபிலேயே உண்டே என்று தமிழாசிரியர் எவராவது எனக்குப் பதில் எழுதலாம். உண்டு, அகப்பொருள் இலக்கணம் அதற்கு இயற்கைப் புணர்ச்சி என்றே பெயர் வைத்திருக்கிறது. மலையும் மலை சார்ந்த இடமுமான எங்கள் குறிஞ்சி நிலத்துக்கு உரிப்பொருளாகப் புணர்தலை வகுத்ததும் அந்த இலக்கணமே. ஆனால் அந்தப் பாடல்களில் தலைவி எங்கே நிற்கிறாள் என்றும் பார்க்க வேண்டும். அலங்கரிக்கப்பட்டு முற்றத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கவில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், அதாவது வேலையில் இருக்கிறாள். தலைவனும் ஒருநாள் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறவன் அல்லன். அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு மறுபடி மறுபடி வருகிறவன்.

அப்படி மறுபடி மறுபடி வருவதைப் பற்றி எழுதிவிட்டதால், ஒன்றைத் தெளிவாகச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. பார்க்கப் பார்க்கப் பிடிக்கும் என்பதை, பிடிக்கும் வரை பின்னால் போகலாம் என்று நம் திரைப்படங்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அந்த வகுப்பறையில் வந்து உட்கார்ந்த பெண்கள் யாரையும் பின்தொடரவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தொடக்கத்திலேயே வெறுப்பு இருக்குமானால், திரும்பத் திரும்பக் கண்முன் வருவது அந்த வெறுப்பைத்தான் வளர்க்கும். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்வது 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவாகச் சேர்க்கப்பட்டது. இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதையில் அது 78-ஆவது பிரிவு. நான் பேசுவது “வேண்டாம்” என்று சொன்னவரைப் பற்றி அன்று. இருவருக்குமே ஒன்றும் தோன்றாத, இருவரும் வேண்டாம் என்று இன்னும் சொல்லாத அந்த வெறும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

என் விஷயத்திலும் இது எளிதாக இருக்கவில்லை. நான் மாதச் சம்பளக்காரன், அவர் நாள் கூலி பெறுபவர். நேராகப் போய்க் கேட்டால், மறுக்க நினைத்தாலும் அவருக்கு மறுக்க முடியாமல் போகலாம் என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆகவே பாக்கிங் பிரிவில் வேலை பார்த்த, அவர் அக்கா என்று அழைக்கும் ஒரு மூத்த பெண்மணியிடம் சொல்லி, இஷ்டமில்லை என்றால் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பேச்சே எழாதது போல இருந்துவிடலாம் என்று சொல்லியனுப்பினேன். ஐந்து வாரம் பதில் இல்லை. ஆறாவது வாரம் அந்த அக்கா வந்து சொன்னார்: “அவளும் உங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காளாம் தம்பி. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணுமாம்.” நான் மட்டுமே ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்ததாக அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஜன்னலில் எழுதும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆள்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறான். அவருக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை என்பதைத் திருமணத்துக்குப் பின் பலமுறை, சற்று அதிகமாகவே, கேட்டுவிட்டேன்.

என் அம்மா ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் தோற்றம் அன்று. “சிலோன்காரப் பிள்ளை” என்பது. 1964-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதன்படி இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது, பின்னர் அதுவே டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. என் மனைவியின் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி வந்த குடும்பம். அவர்களுடைய பேச்சு என் அம்மாவுக்கு அந்நியமாக இருந்தது, ரொட்டியும் சம்பலும் அதைவிட அந்நியம். திருமணத்துக்குப் பின் அம்மா ஓராண்டு எங்களுடன் தங்கியிருந்தார். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, “அவ வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அம்மாவின் கணக்கிலும் பத்து மாதத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகியிருக்கிறது.

பெற்றோர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, இருவர் ஒருவரையொருவர் நான்கைந்து முறையாவது சந்திக்கட்டும் என்பதே. அதுவும் கூடத்தில் அன்று, அவரவர் அன்றாடம் இருக்கும் இடங்களில். நான்கு முறை வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண்ணைத்தானே ஊர் பேசும் என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான், அந்தப் பழி ஆணின் மேல் விழுவதில்லை என்பதும் உண்மை. அதனாலேயே சடங்கை முன்னால் வைக்காமல் பின்னால் வைக்கச் சொல்கிறேன். தாம்பாளமும் பட்டுப்புடவையும் உறவினர் கூட்டமும் இல்லாமல், நூலகத்திலோ உறவினர் வீட்டு விசேஷத்திலோ, அலுவலகம் விட்டு வரும் வழியில் ஒரு தேநீர்க் கடையிலோ சந்தித்துப் பேசிய இருவரைப் பற்றி ஊர் பேச அவ்வளவாக ஒன்றும் இல்லை. முடிவான பின் கேசரி கிண்டிக்கொள்ளலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் ஞாயிறு வரன் பக்கத்தில் வயது, படிப்பு, உயரம் ஆகியவற்றோடு “நிறம்” என்ற ஒன்றும் தவறாமல் வருகிறது. சென்ற வாரப் பக்கத்தை எண்ணிப் பார்த்தேன். “சிவந்த” என்ற சொல் மட்டும் 23 இடங்களில் இருந்தது. கட்டுரையில் இளைஞர்களின் அவசரத்தைக் குறை சொல்லிவிட்டு, நான்கு பக்கம் தள்ளி அதே அவசரத்துக்கு வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவது பொருத்தமாக இல்லை. நிறம் என்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்லலாம். காலை எத்தனை மணிக்கு எழுவார், எந்தப் பேருந்தில் போவார், கையால் என்ன வேலை செய்வார் என்று. படிப்பவருக்கு உடனே ஒன்றும் தோன்றாது என்பது எனக்கும் தெரியும்.

இக்கடிதத்தை அனுப்புமுன் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் பத்தி வந்ததும் நிறுத்தச் சொன்னார். 7-க்குக் குறுக்கே கோடு இழுக்கும் பழக்கம் தமக்கு என்றுமே இருந்ததில்லை என்றும், அது தமக்கு முன் எடை போட்டவருடைய எழுத்து என்றும் உறுதியாகச் சொல்கிறார். நான் மறுத்தேன். பழைய சீட்டுகள் எதுவும் இப்போது எங்களிடம் இல்லை. நேற்று மளிகைக் கடைக்கு அவர் எழுதிக் கொடுத்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் 7 எதுவும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.